பலேர்மோவில் நாலு நாள் சாப்பாடு

ரதிதேவி தன் வாழ்நாளில் ஆசைக்கென்று ஒரு கடைக்குள் இருந்து சாப்பிட்டவள் இல்லை. அப்படிப்பட்ட மனுசி, ஐம்பத்திரண்டு வயதில், நியூசிலாந்தில், ஒக்லாண்டின் கிளென் ஈடன் வாடகை வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு, இத்தாலியிலுள்ள பலேர்மோ நகரத்தில் நாலு நாளைக்கு எங்கெங்கே என்னென்ன சாப்பிடுவது என்று திட்டம் எழுதினாள். ஆயிரம் வருசப் பழைய தேவாலயங்களும் அரண்மனைகளும் நிறைந்த ஊராம். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய ஒரே பிள்ளை யசீகரன் அங்கே இருந்தான்.

அது 1996ஆம் ஆண்டு. அவன் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு எட்டு வருசம். பத்தொன்பது வயதில் போன பெடியன், நாடு நாடாக அலைந்து, கடைசியில் பலேர்மோவில் ஒரு பணக்கார வீட்டில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தான். கையில் விசா என்று ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. புருசன் கண்ணை மூடின பிறகு, தம்பியின் தயவில் நியூசிலாந்துக்கு வந்து அகதியாகப் பதிந்தவள் ரதிதேவி. இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஞாயிறு காலையில் மகன் போன் எடுப்பான். தை மாதத்து ஞாயிறு ஒன்றில், வைகாசி முடிய லொறி ஏறி லண்டனுக்குப் போகப்போவதாகச் சொன்னான். மூடின லொறி. பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு நாள். அப்படிப் போய்க் காற்றில்லாமல் செத்த பிள்ளைகளின் கதை ஒக்லாண்டில் எந்தத் தமிழ் வீட்டுக்குத்தான் தெரியாது? நேரில் போய் அவனை மறிக்க வேண்டும். மறிக்க முடியாவிட்டால் ஒருக்கா அந்த முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

போவதென்றால் விசா வேண்டுமே. நியூசிலாந்துப் பாஸ்போர்ட் கிடைக்க இன்னும் இரண்டு வருசம். கையிலிருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். மகனைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால், மகன் எந்த விலாசத்தில், என்ன விசாவில் என்று கேட்பார்கள். தாயே பிள்ளையைக் காட்டிக் கொடுத்ததாகப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் ஏரம்பமூர்த்தியர் வருகிறார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனுசன். கிளென் ஈடனிலிருந்து பக்குரங்கா வரைக்கும் தமிழருக்கெல்லாம் போர்ம் நிரப்பிக் கொடுக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனம் சுத்தம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணும் பிள்ளை என்றார். ரதிதேவிக்கு ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. சமையல்காரி ஒருத்தி, சாப்பாட்டுக்குப் பேர்போன பழைய ஊர் ஒன்றுக்குப் போய் நாலு நாள் ருசி பார்த்து வர ஆசைப்படுகிறாள். இதை எவன் நம்பமாட்டான்? வேலைக் கடிதம் ஒன்று, லீவுக் கடிதம் ஒன்று, அதோடு கடை கடையாக நேரம் போட்டு ஒரு சாப்பாட்டுத் திட்டம். வாசிக்கிற அதிகாரிக்கு எச்சில் ஊற வேண்டும் என்றார்.

கடைகளின் பேருக்கு மகனைத்தான் கேட்டாள். அவன் சந்தைக்குப் போய்வருகிற பாதையெல்லாம் விசாரித்து, முப்பது கடையின் பேரும் எந்தக் கடையில் எது திறம் என்றும் நீலக் கடிதத்தில் நுணுக்கி எழுதி அனுப்பினான். அந்தக் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்துவிட்டுத்தான் அவள் பேனையைத் தொட்டாள்.

நாளுக்கு இரண்டாக, முப்பதில் எட்டைப் பொறுக்க வேண்டும். பெற்றவளின் கை எதைப் பொறுக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? பல்லாரோச் சந்தையில் ஆட்டுக்குடலை வெங்காயத்தாளோடு சுற்றிக் கரியில் சுடுகிற கடை முதல் நாள் பின்னேரத்துக்குப் போயிற்று. யசீகரனுக்கு ஆட்டுக்குடல் என்றால் உயிர். சின்னனில் சட்டியை வழித்துச் சோறு போட்டுப் பிரட்டித் தின்கிறவன். இரண்டாம் நாள் அவித்த பேய்க்கணவாயும், சூடை மீன் போட்ட பாஸ்தாவும். மூன்றாம் நாள் இறைச்சி அடைத்துப் பொரிக்கிற சோற்று உருண்டை. கடலைமாப் பலகாரமும் கத்தரிக்காய்க் கறியும் கடிதத்தில் இருந்தன. இதுகளைத் தின்னவோ அவ்வளவு தூரம் போறது என்று அவற்றை வெட்டிவிட்டுத் தனக்குள் சிரித்தாள். ஒவ்வொரு கடையிலும் அவன் சாப்பிட, தான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து எழுதியதில் நாலு பின்னேரம் போயிற்று. ஏரம்பமூர்த்தியர் அதை இங்கிலிசில் தட்டெழுதிவிட்டுத் தனக்கே பசிக்குது என்றார்.

ஆனால் ஒன்று அவருடைய மூளையிலும் ஓடவில்லை, அவளுடைய மூளையிலும் ஓடவில்லை. ரதிதேவி எட்டு வருசமாக மச்சம் தொடுவதில்லை. மகன் வெளிக்கிட்ட அன்றைக்குச் சந்நிதி முருகனுக்கு வைத்த நேர்த்தி அது. பிள்ளையை உயிரோடு காணும்வரை மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையுமில்லை. முதியோர் இல்லத்தில் ஆட்டிறைச்சியை அவள் வாட்டுவாள், உப்புப் பார்க்க மற்றவளைக் கூப்பிடுவாள். தான் வாயைக் கட்டியிருக்கும்வரை அவனுடைய உயிருக்கு ஒன்றும் வராது என்று முழுசாக நம்பினாள். எந்த நாளும் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

சித்திரையில், நகரத்தில் ஒரு மாடியில் இத்தாலி விசா நேர்முகம். அதிகாரி அறுபது வயதுக்காரர், நரைத்த தலை, நல்ல மனுசன். அவருடைய தாய் பலேர்மோக்காரியாம். திட்டத்தை வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மலர்ந்தது. இந்தக் கடை திங்கட்கிழமை பூட்டு, செவ்வாய்க்கு மாற்றுங்கள் என்று தன்னுடைய பென்சிலாலேயே திருத்திக் கொடுத்தார். குடல் சுடுகிறவனிடம் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்குங்கள் என்றார். பாடமாக்கியதை எல்லாம் ரதிதேவி ஒன்றும் பிசகாமல் சொன்னாள். அவர் மகிழ்ந்துபோய்க் கோப்பி ஊற்றி, மனைவி சுட்டது என்று ஒரு தட்டில் பிஸ்கட்டை நீட்டினார்.

கையை நீட்டினவள் கேட்டாள், “இதிலை முட்டை போட்டிருக்கோ?”

இங்கிலிசில்தான் கேட்டாள், எட்டு வருசமாக இந்த நாட்டிலும் வெளியிலும் எந்தத் தட்டைக் கண்டாலும் கேட்கிற கேள்வி. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவோ சொன்னார்கள்? அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முட்டை போட்டதுதான், ஏன், முட்டை சாப்பிடமாட்டீர்களோ என்று கேட்டார். உடம்புக்கு ஒத்துவராது என்றிருக்கலாம். டொக்டர் மறித்தவர் என்றிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்? கோதாரி விழுந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. நான் சைவம் என்றுதான் வாயில் வந்தது.

அதிகாரி திட்டத்தைத் திரும்ப எடுத்து, குடலிலிருந்து கணவாய் வரைக்கும் விரலை ஓட்டினார்.

“அப்படியென்றால் அம்மா, இதையெல்லாம் சாப்பிடப்போவது யார்?”

மகனுடைய பேர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் தொலைந்தான். அவள் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கிவிட்டு இன்னொன்றும் எடுத்தாள். நான்தான், நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று சொல்லும்போது கண்ணீர் ஓடியது. அவர் மெல்லத் தட்டை இழுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். முடிவு தபாலில் வரும் என்றார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அவள் சத்தி எடுக்கப் பார்த்தாள். உள்ளே போனது வரவில்லை.

பத்தாம் நாள் பத்திரம் திரும்பி வந்தது. பயணத்தின் நோக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்று ஒரு வரி. அந்த மனுசனைத் திட்டி என்ன பிரயோசனம், அவர் கேட்டது நியாயமான கேள்விதானே. திரும்ப விண்ணப்பம் போடுங்கோ அண்ணை என்று ஏரம்பமூர்த்தியருடைய கையைப் பிடித்து அழுதாள். வைகாசிக்குள் ஒன்றும் நடவாது என்று அவருக்குத் தெரியும். புதுப் போர்ம் ஒன்றை எடுத்து, எழுதாமலே மடித்து வைத்தார்.

ஞாயிறு காலை போன் வந்தது. விசா இல்லையாம் என்றாள். லொறியில் ஏறாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று கெஞ்சினாள். அவன் ஏன் மறுத்தவங்கள் என்று கேட்டான். திட்டத்தை நம்பவில்லை என்று சொல்லி, அதை எடுத்து வாசித்தாள். ஆட்டுக்குடல், கணவாய், சூடை மீன் என்று போகவே அவன் இடைமறித்தான்.

“அம்மா, இதெல்லாம் ஆருக்கு?”

“உனக்குத்தான் அப்பன். வேறை ஆருக்கு?”

போனில் அவன் இன்னொரு காசு போடுகிற சத்தம் கேட்டது.

“நான் மச்சம் விட்டு எட்டு வருசம் அம்மா. நீங்கள் நேர்த்தி வைச்ச அண்டைக்கே நானும் வைச்சனான். உங்களைக் கண்ட பிறகுதான் எண்டு. சொன்னா அழுவியள் எண்டு சொல்லேல்லை.”

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்ன ஆள் அந்த நேரம் எதிரில் வந்திருந்தால் ரதிதேவி அவனுடைய வாயைக் கிழித்திருப்பாள். மரக்கறிக் கடைகளாக எட்டை எழுதியிருந்தால் போதுமே. முட்டை இருக்கோ என்று ஆயிரம் தரம் கேட்டிருக்கலாம், அந்த மனுசன் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தியிருப்பார். பெற்ற பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்று எட்டு வருசத்தில் ஒருக்காலும் கேட்காமல் விட்ட தன்னையே அவளுக்கு வெட்டிப்போட வேண்டும்போல இருந்தது.

மகன் அங்கிருந்து தேற்றிக்கொண்டிருந்தான். யோசியாதையுங்கோ அம்மா, இரண்டு பேரும் இவ்வளவு காலம் காத்ததை முருகன் கைவிடான் என்றான். அந்தத் துணிவில்தான் தான் லொறி ஏறுகிறேன் என்றான். பிறகு, போனை வைக்கிறதுக்கு முன்னம், சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டான்.

“நீங்கள் இன்னும் மச்சம் தொடேல்லைத்தானே அம்மா?”

“ஓம் அப்பன்,” என்றாள் ரதிதேவி. “தொடேல்லை.”