நடுக்கம் வந்த திசை

மாடம்பாக்கத்தில் வேதசிரோமணியின் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. அதில் ஒரு முருங்கை மரம், மரத்தடியில் அவருடைய பழைய ஆம்னி வேன். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓட்டாத வண்டியை வைத்து என்ன செய்வது, விற்றுவிடலாம் என்று அவரும் மனைவி ஜாஸ்மினும் முடிவு செய்தார்கள். வண்டியைப் பார்க்க மெக்கானிக் விக்கி வந்தான். கதவுப் பிடியை நோக்கிப் போன அவன் கையை வேதசிரோமணி தடுத்தார்.

"இப்போ வேணாம் விக்கி. அங்க பாரு."

ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கும் முருங்கைக் கிளைக்கும் நடுவே ஒரு வலை. அதன் மையத்தில், மஞ்சளும் வெள்ளியுமாகப் பட்டை போட்ட சிலந்தி ஒன்று, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல விரித்துத் தலைகீழாக இருந்தது.

"பூச்சிதானேண்ணா. ஒரு குச்சி எடுத்தா முடிஞ்சிச்சு."

"அது இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்பா."

விக்கி ஜாஸ்மினைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அந்த விடியற்காலைக்குப் பிறகு மனிதர் சரியில்லை என்பது தெருவுக்கே தெரியும். விக்கி பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

வேதசிரோமணி வாழ்நாளில் பாதிக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். முதலில் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து. பிறகு, தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஒப்பந்தப் பேருந்து. அவர் வண்டியில் ஏறினால் இறங்கும் வரை தூங்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பள்ளம் வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியும், வண்டி குலுங்காது.

கோடையில் ஒருநாள், விடிந்தும் விடியாத வேளை. கேளம்பாக்கம் தாண்டிச் சாலையோரம் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் முன்புறத்திலிருந்து ஒரு மனிதர் சாலையில் இறங்கினார். வேதசிரோமணி பிரேக்கை மிதித்தார். மிதித்தும் வண்டி அவரைத் தொட்டுவிட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு, ஒரு டிபன் டப்பா தார்ச்சாலையில் உருண்டுகொண்டே போகிற சத்தம்.

இறந்தவர் பெயர் ரங்கன். கோவளத்துப் பக்கம் மீனவக் குப்பம். கடலில் கிடைப்பது போதாமல், கம்பெனி வளாகம் ஒன்றில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். லாரி மறைத்துவிட்டது, வந்தவர் பார்க்காமல் இறங்கிவிட்டார், பேருந்து வேகமாக வரவில்லை என்று கேமராப் பதிவில் தெளிவாகத் தெரிந்தது. வழக்கு இழுக்கவில்லை. "உங்க மேல தப்பில்ல சார்" என்று போலீஸ்காரர் சொன்னார், முதலாளி சொன்னார், சபைப் பாஸ்டரும் சொன்னார். மறுபடி வண்டி எடுக்கச் சொன்னார்கள். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த அதிர்வு அவருடைய உள்ளங்கைகளில் தங்கிவிட்டது. ஜாஸ்மின் சமையலறையில் ஒரு மூடியை நழுவவிட்டால் போதும், கைகள் நடுங்கத் தொடங்கும். உடனே எழுந்துவிடுவார். டி.வி.யைச் சத்தமாக வைப்பார். குளித்துவிட்டு வந்தவர் மறுபடி குளிக்கப் போவார். தெருவில் இறங்கி ஏரிக்கரை வரை விறுவிறுவென்று நடப்பார். எங்கே போனாலும் டப்பா உருளும் சத்தம் இரண்டடி பின்னால் வந்துகொண்டே இருக்கும். நின்றால் நிற்கும்.

டப்பா உருண்ட பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. தான் இறங்கி ஓடியதும், அந்த மனிதரின் தலையை மடியில் எடுத்து வைத்ததும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நினைத்துப் பார்க்கப் போனால், உள்ளே யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து நிற்பதுபோல் இருக்கும். அவர் தள்ளிப் பார்த்ததில்லை. கதவு திறந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம்.

இப்படி இருந்தவர்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் போட்டுக்கொண்டு சிலந்தியைப் பார்க்க உட்கார்ந்தார். கண்ணை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சிலந்தி அசையாமல் இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு, அசையாமல் இருக்கிற ஒன்றை அவர் பார்த்தார்.

கொஞ்ச நாளில் அது அசையாமல் இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு காலும் ஒரு நூலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவில் லாரி போனால் அந்தக் கால்கள் மெல்ல மடங்கி நிமிரும். முருங்கை மரம் ஓயாமல் இலை உதிர்க்கிற மரம். பொட்டு மாதிரி ஓர் இலை வலையில் விழுந்தாலும் வலை முழுக்க நடுங்கும். சிலந்தி ஒரு கணம் அப்படியே இருக்கும். பிறகு, நடுக்கம் எந்த நூலில் வந்ததோ அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே போகும். போய்த் தொட்டுப் பார்க்கும். இலைதான் என்று தெரிந்ததும் சுற்றியுள்ள இழைகளை அறுத்து இலையைக் கீழே விழவிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடுவில் உட்காரும். அடுத்த இலை விழுந்தால் மறுபடி போகும். போன தடவை இலைதானே என்று அது இருந்துவிடுவதில்லை.

ஒருநாள் ஒரு வெட்டுக்கிளி மாட்டிக்கொண்டது. காப்பாற்றலாம் என்று வேதசிரோமணி எழுந்தார். அதற்குள் சிலந்தி அதை வெள்ளை இழையால் சுற்றத் தொடங்கிவிட்டது. அதன் வேலையில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. நானும் கோபத்தில் செய்யவில்லையே என்று ஒரு நினைப்பு அவருக்குள் ஓடியது. நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் இழைக்குள்ளே வெட்டுக்கிளியின் பின்னங்கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த ஆறுதலும் போய்விட்டது. கால் ஓயும் வரை அவர் நின்று பார்த்தார். அந்த வெட்டுக்கிளிக்காக வேறு யாரும் அங்கே நிற்கவில்லை.

மழை வந்தது. முதல் மழையே காற்றோடு வந்ததில் வலை கிழிந்து நாலைந்து நூலாகத் தொங்கியது. சிலந்தி கண்ணாடிக்கு அடியில் கால்களை மடக்கிக்கொண்டு, உலர்ந்த திராட்சை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வேதசிரோமணி பழைய பேனர் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு நனைந்தபடி ஓடினார். ஒரு முனையைக் கிளையில் கட்டிவிட்டார், மறுமுனை காற்றில் பறந்தது. ஜாஸ்மின் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குடையோடு நின்றவள், குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை, இதுக்கு டிரிப்ஸ் போடச் சொல்லாம விட்டீங்க" என்றாள்.

கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். தன் கணவன் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வெயில் அடித்தது. புது வலை பளபளத்தது. வேதசிரோமணி காப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜாஸ்மின் கையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்று நழுவி, தரையில் விழுந்து உருண்டது. காப்பி தளும்பி அவர் தொடையில் கொட்டியது. கைகள் நடுங்கின. எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடக்கத்தான் கால் ஊன்றினார்.

அந்த நேரம் ஈர இலை ஒன்று வலையில் விழுந்தது. சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் போயிற்று.

அவர் எழுந்திருக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்து, அவை நடுங்குவதைப் பார்த்தார். நடுக்கம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. அவர் அதன் பின்னாலேயே போனார். ஸ்டீயரிங். இறங்கிய படிக்கட்டு. காலுக்கடியில் லாரித் தண்ணீர் சொட்டிய ஈரத் தார். டப்பா உருண்டு, சுழன்று, நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்றவர் விலகிக்கொண்டார்.

மடியில் இருந்த தலைக்குக் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. வேதசிரோமணி குனிந்து காதைக் கொடுத்தார்.

"சோறு கொட்டிச்சா?"

அவர் திரும்பிப் பார்த்தார். டப்பா வாயைப் பிளந்து கிடந்தது. சோறு சாலையெங்கும் சிதறியிருந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இல்லண்ணே. கொட்டல. மூடி இருக்கு" என்றார்.

அதன்பிறகுதான் அந்தக் கண்கள் மூடின.

வேதசிரோமணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார். ஜாஸ்மின் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்த வீட்டுல இது தெரியுமாங்க?"

"எனக்கே இப்பதானே தெரியுது."

"அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நான் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றியா?"

"அவர் கேட்டதைச் சொல்லுங்க. சமைச்சுக் கொடுத்தவங்களுக்கு அது போய்ச் சேரணும்."

கேளம்பாக்கம் வழியாகப் போகும் பேருந்தில் அவர் பயணியாக ஏறினார். கோவளத்துக்குள் நுழையும் சாலையோரம், ஒரு பெரிய குடைக்கடியில் பாப்பா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ரங்கனின் மனைவி. விசாரித்ததும் கை நீட்டிக் காட்டிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் பெண், மெலிந்த உடம்பு. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மீனுண்ணா ஓணும்? சங்கரா கீது, காணாங்கத்த கீது."

"மீன் வாங்க வரலம்மா. நான் அந்தப் பஸ்ஸ ஓட்டினவன்."

அவள் கை நிற்கவில்லை. கையிலிருந்த மீனை முழுக்கச் சுத்தம் செய்து, கழுவி, தட்டில் வைத்தாள்.

"தெரியும். ஸ்டேசன்லயே பாத்துகீறேன். இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"உங்க வீட்டுக்காரர் கடைசியா ஒரு வார்த்தை பேசினார். அது எனக்கு மறந்து போயிருந்துச்சு."

பாப்பா நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கேட்கப் பயப்படுகிற முகம் அது. தினமும் கண்ணாடியில் பார்த்த முகம் என்பதால் அவருக்கு அது தெரிந்தது.

"சோறு கொட்டிச்சான்னு கேட்டார்மா."

"இன்னாது?"

"சோறு கொட்டிச்சான்னு."

அவள் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் குடையிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்குக் காலீல சண்ட. இருந்த மீனெல்லாம் வித்துட்டேன். ரசம்தான் வச்சேன். மீன்காரி வூட்ல ரசமாடீன்னு மூஞ்சத் தூக்கினு போச்சு. போய்ட்டு வரேன்னு கூட சொல்லல. கோவத்துல தானா போயி பஸ்ல வுழுந்துச்சுன்னு ஊர்ல பேசிக்கினாங்க. நானும் அப்டிதாண்ணா நெனச்சிகினு கீறேன். தெனமும் படுத்தா அதான்."

"அப்படி இல்லம்மா. லாரி மறைச்சிடுச்சு. அவர் எதிர்ப்பக்கம் பார்த்துட்டே வந்தார். கோபமா இருந்தவர் அந்தச் சோத்தைக் கேட்டிருக்க மாட்டார்."

"நீ இன்னா சொன்ன?"

"கொட்டலன்னு சொன்னேன்."

"நெஜமா கொட்டிச்சா?"

"கொட்டிச்சும்மா. எல்லாம் கொட்டிச்சு."

பாப்பா அவரைப் பார்த்தாள். அவருடைய கைகள் நடுங்குவதையும் பார்த்தாள். அவர் அவற்றை மறைக்கவில்லை. கவிழ்த்திருந்த ஒரு கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குந்து. மொதல்ல இருந்து சொல்லு."

அவர் சொன்னார். எந்தச் சட்டை போட்டிருந்தார், எந்தப் பக்கம் தலை சாய்ந்தது, வலித்த மாதிரி இருந்ததா, எல்லாம் கேட்டாள். இரண்டு பேர் மீன் கேட்டு வந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னுலாம் நான் சொல்ல மாட்டேண்ணா. மனசு அப்டி வர்ல. ஆனா நீ தவுர அத்தச் சொல்ல ஆளில்ல. எப்பனா வந்து சொல்லிட்டுப் போ."

அவர் போய்வருகிறார். சில சமயம் ஜாஸ்மினும் கூடப் போவாள். பாப்பா மறுபடி மறுபடி அதே இடத்தைக் கேட்பாள், அவர் மறுபடி மறுபடி சொல்வார். உள்ளங்கை நடுக்கம் நிற்கவில்லை. வரும்போது உட்கார்ந்து பார்க்கிறார். அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும்.

பொங்கலுக்கு முன்பே சிலந்தியைக் காணவில்லை. வலையின் நடு வெறுமையாக இருந்தது, பிறகு வலையும் இல்லை. முருங்கைக் கிளையில் காய்ந்த இலையோடு ஒட்டி ஒரு சின்னஞ்சிறு பழுப்பு முட்டைப் பை மட்டும் இருந்தது. அந்தக் கிளையை வெட்ட வேண்டாம் என்று மனைக்காரரிடம் சொல்லி வைத்தார்.

வேனை விற்கவில்லை. விக்கி பேட்டரி மாற்றிக் கொடுத்தான். பேருந்தை அவர் மறுபடி தொடவில்லை. ஆம்னியில் மட்டும், அக்கம்பக்கத்து முதியவர்களைத் தாம்பரத்துக்கும் சேலையூருக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூட்டி வருகிறார். நிற்கும் வண்டி எதைக் கடந்தாலும் அவர் ஆம்னியை ஏறக்குறைய நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜீவரத்தினம் முழங்கால் வலிக்காக அந்த வேனில் அடிக்கடி போகிறவர். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அங்க யாரும் இல்லையேப்பா, எதுக்கு நிறுத்துற?"

"பார்த்துட்டுப் போயிடலாம் சார்" என்றார் வேதசிரோமணி.