வேலிக்கு வெளியே விட்ட கிணறு

அஞ்சலையின் கணவனை நாடு கடத்தியவன் நான்தான்!

ஆணை பிறப்பித்தது அரசாங்கம். பினாங்கில் கப்பலேற்றியது போலீஸ். இருந்தாலும் அந்த மனிதனை இந்த மண்ணிலிருந்து பிடுங்கி எறிந்தவன் நான். இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரன். இதில் எனக்குப் போலி அடக்கமெல்லாம் கிடையாது. லூனாஸில் பிறந்து, கூலிமில் ஆங்கிலம் படித்து, பினாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கட்டுமானக் கம்பெனியில் விலை மதிப்பீட்டுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஒரு வரைபடத்தை என் முன்னால் விரித்தால் போதும்... செங்கல் எவ்வளவு, பலகை எவ்வளவு, எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று மூளை தானாக ஓடும். அந்த மூளையை இன்றும் மெச்சிக்கொள்கிறேன்.

அது வெள்ளைக்கார ஆட்சி போட்ட அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்துச் சனங்கள் சோறு தண்ணீர் கொடுத்துவிடக் கூடாதாம். அதற்காகச் சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை, ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போடச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் வாசல் திறக்கும். பொழுது சாயப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய நேரத்தில் வெளியே கால் வைத்தவன் காட்டுக்காரனின் ஆள்! கெடா முழுவதும் அந்த வேலிகளைக் கட்டும் குத்தகைக்குக் கம்பெனிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். புது லயங்களும் வேலியும் கட்டும் வேலை வந்தது. எங்கள் கம்பெனித் துரை என்னைக் கூப்பிட்டார். இந்த வேலையை நமக்குப் பிடித்துக் கொடு, உன்னை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன், அங்கே படித்து முறையான கட்டுமானச் செலவு மதிப்பீட்டாளனாகத் திரும்பி வா என்றார்.

லண்டன்! நீங்களே சொல்லுங்கள், ஒரு லூனாஸ்காரன் காதில் அந்தப் பெயர் விழுந்தால் அவன் சும்மா இருப்பானா? வெள்ளைக்காரன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கணக்கு ஒப்பித்தே கிழவனாக எனக்கு விருப்பமில்லை. அந்த நாற்காலியில் நானே உட்கார வேண்டும் என்று இருந்தது.

இடத்தை அளக்கப் போனேன். லயங்கள் மேட்டில், கிணறு கீழே பள்ளத்தில். கிணற்றையும் சேர்த்து வளைத்தால் வேலி நீளும். சரிவில் கம்பங்கள் கூடும், காவல் விளக்குகள் கூடும், விலை ஏறும். விலை ஏறினால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். பென்சிலை எடுத்து மேட்டின் ஓரமாக ஒரே கோடு இழுத்தேன். கிணறு வெளியே போயிற்று.

தண்ணீர்? அதற்கும் என்னிடம் வழி இருந்தது. லயங்களுக்கு நடுவே ஒரு குழாயை வரைந்தேன். படத்தில் அது அழகாக நின்றது. விலையில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. தண்ணீர் இணைப்பு பிறர் பொறுப்பு என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த வித்தை. யார் அந்தப் பிறர்? தோட்டம் போடும் என்று கம்பெனி இருக்கும். கம்பெனி போடும் என்று தோட்டம் இருக்கும். கடைசியில் குழாய் வராது. எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்!

வேலை எங்களுக்கே கிடைத்தது. துரை என் தோளில் தட்டினார்.

கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது பால்வெட்டிவிட்டு வந்த ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். அவள்தான் அஞ்சலை. நிறைமாதக்காரி. கூடவே அவள் கணவன் சடையன்.

“ஐயா, கெணறு வெளியில போவுதே! கேட்டப் பூட்டிட்டா தண்ணிக்கு என்னா செய்யிறது?”

“உள்ளுக்கே பைப்பு வருதும்மா. கவலப்படாத.”

“ஐயாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்னா? வந்துரும் லா. வா புள்ள,” என்று சடையன் அவளை அழைத்துக்கொண்டு போனான். அவன் முகத்தில் சந்தேகம் என்பதே இல்லை.

வேலி எழுந்தது, வாசலுக்குப் பூட்டு வந்தது. குழாய் வரவில்லை. விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக்கு ஓட வேண்டும், பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை போய்விடும். வெட்டிய பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் தண்ணீர். மொத்தத் தோட்டமும் கிணற்றடியில் வரிசை பிடித்து நிற்கும். கடைசியில் நிற்பவர்களின் முறை வருமுன் வாசல் பூட்டிவிடும்.

அஞ்சலை பிள்ளை பெற்றாள். ஒரு நாள் விடியுமுன்பே வீட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க வேண்டுமே என்று சடையன் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு நுனியிலும் தகர டின்களை மாட்டிக்கொண்டு வேலிக்கு அடியில் நுழைந்து போனான். கிணற்றடியிலேயே ரோந்துக்காரர்கள் பிடித்தார்கள்.

விசாரித்த அதிகாரி என் வரைபடத்தைப் பார்த்தாராம். உள்ளேயே குழாய் இருக்கும்போது இவன் எதற்கு வெளியே போனான்? யாருக்காகத் தண்ணீர் மொண்டான்? சடையன் குழாயே இல்லை என்றான். பொய் சொல்கிறான் என்றார்கள். ஒருவராவது வந்து பார்த்திருக்கலாம்... யாரும் வரவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

பாடாங் செராயில் எங்கள் கம்பெனிக்கு ஓர் அறை இருந்தது. பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அஞ்சலை அங்கே வந்துவிட்டாள்.

“ஐயா, நாடு கடத்தப் போறாங்களாம் ஐயா! கொழா இன்னும் போடலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். படம் போட்டது நீங்கதான? ஒங்கள நம்புவாங்க. கைப்புள்ளயா அம்மா மடியில ஒக்காந்து கப்பல்ல வந்த மனுசன், அவருக்கு நாகப்பட்டினத்துல யாரு இருக்கா?”

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படத்தில் இருந்த குழாய் விலையில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கம்பெனியின் பெயர் கெடும். லண்டன் கப்பல் நான் இல்லாமலேயே கிளம்பும்.

“நான் சொல்றேன். நீ வீட்டுக்குப் போம்மா.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் போகவில்லை! அந்த அதிகாரியின் அலுவலகம் அதே சாலையில்தான் இருந்தது. அதைக் கடந்துதான் பினாங்குக்குப் போனேன், கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுக்க.

பயந்துவிட்டேன் என்று சொன்னால் ஒருவேளை நீங்கள் இரக்கப்படுவீர்கள். பயமெல்லாம் இல்லை. கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். எனக்குச் சாதகமாக முடித்துக்கொண்டேன்.

சடையனை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் அதே பினாங்கிலிருந்து நானும் கப்பலேறினேன். மாலை போட்டு வழியனுப்பினார்கள்! நான் போன பிறகு தோட்டத்தார் தங்கள் செலவிலேயே குழாய் போட்டார்களாம். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது அவ்வளவு ஒன்றும் பெரிய காரியமாக இருக்கவில்லை.

லண்டனில் நான் தோற்கவில்லை. குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்து படித்தேன். வெள்ளைக்காரப் பையன்களை முந்திக்கொண்டு தேறினேன். அதற்காக வருத்தப்படுகிறேனா? இல்லவே இல்லை! என் உழைப்பு என் உழைப்புதான். அங்கே இருந்த காலத்தில் சடையனை நினைத்து ஒரு நாளாவது தூக்கம் கெட்டதா என்று கேட்டால்... கெடவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுகிறது.

பட்டத்தோடும் பதவியோடும் திரும்பி வந்தேன். அவசரகாலம் அப்போதும் முடியவில்லை. அதே தோட்டத்தில் மருத்துவமனை கட்டச் செலவு மதிப்பிட வேண்டும் என்றார்கள். தட்டிக்கழித்திருக்கலாம். நான் எதற்கு ஒளிய வேண்டும் என்று நிமிர்ந்தே போனேன். வாசலிலேயே அஞ்சலை அடையாளம் கண்டுகொண்டாள். வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனாள். அன்று துணியில் சுற்றிக் கொண்டுவந்த குழந்தை பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றது.

“இவருதான்டி அந்த ஐயா! ஒங்கப்பாவுக்காக ஆபீசருகிட்ட போயிப் பேசுன ஒரே ஆளு. அவனுங்க கேக்கல. ஐயா என்னா செய்வாரு, பாவம்!”

நான் பேசினேன் என்று... இத்தனை வருடமும் நம்பியிருக்கிறாள்!

சடையன் நாகப்பட்டினத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறானாம். திரும்பி வர வழியே இல்லையாம். “நான் அங்க போனா இவளுக்கு யாரு சோறு போடுவா, படிப்ப யாரு குடுப்பா? இவ இங்கயே படிக்கட்டும்னு இருந்துட்டேன் ஐயா,” என்று சொல்லிக்கொண்டே எனக்கு இலை போட்டாள். சுடுசோறும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள்.

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்கலாம். என் பட்டத்தை இனி யாரும் பிடுங்க முடியாது. இழக்க என்னிடம் எதுவும் இல்லை, ஒரு நல்ல பெயரைத் தவிர... அதுவும் இந்த ஒரு வீட்டில். அதைக்கூட விட எனக்கு மனம் வரவில்லை! சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சம்பல் நல்லாருக்கும்மா” என்று வந்தது. இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

அவள் முகம் மலர்ந்து, கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடவா ஐயா?”

“போடு” என்றேன்.