என் கணவர் வழுக்கி விழுந்த சந்தை முனை

காரைக்காலில் இருந்தவரை என் கணவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கப்பலேறிப் பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனுக்கு வந்து, சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி ஏறிய பிறகு அவருக்கு நடந்து போவது கௌரவக் குறைவாகிவிட்டது. ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு சார்ஜெண்டிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதை ஓட்டினால் தானும் பாதி சார்ஜெண்ட் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இரும்புக் கம்பிகளில் ஒரு தலையணையைக் கட்டி, "இதுதான் உன் இடம்" என்றார். தலையணை நன்றாகத்தான் இருந்தது. முன்னால் உட்காருகிறவர்தான் சரியில்லை.

மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வர, பெரிய சந்தை முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த முனையில் ஒரு காப்பிக் கடை. வாசலில் பிரம்பு நாற்காலி போட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடை கண்ணில் பட்டதும் என் கணவரின் முதுகு நிமிரும், வண்டியின் சத்தம் கூடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்போதுதான் வருஷத்தின் முதல் மழை தூற ஆரம்பித்திருந்தது. வெயில்காலம் முழுக்க ரோட்டில் படிந்திருந்த செம்மண் தூசியும் மோட்டார்கள் சிந்திய எண்ணெயும் அந்தத் தூறலில் குழைந்து வழவழவென்று ஆகியிருந்தன. திருப்பத்தின் குறுக்கே ட்ராம் தண்டவாளம் வேறு நனைந்து பளபளத்தது. பாதி திரும்பியபோது வண்டியின் பின்பக்கம் எங்களைக் கேட்காமல் தன்பாட்டுக்கு வேறு பக்கம் போயிற்று. அடுத்த நொடி நான் பட்டுப்புடவையோடு சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

மீன் விற்கும் உள்ளூர் அன்னாமியப் பெண்கள் "ச்சோய் ஓய்!" என்று தங்கள் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். என் கணவர் எழுந்து முதலில் வண்டியைப் பார்த்தார். பிறகு தொப்பியை. பிறகு காப்பிக் கடையை. அங்கிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் கோப்பையைத் தூக்கி, "பிராவோ!" என்றான். இவர் தொப்பியைக் கழற்றி, "மெர்சி, முசியே!" என்று நன்றி சொல்லித் தலை வணங்கினார். அதற்கப்புறம்தான் பெண்டாட்டி ஞாபகம் வந்தது.

"அடி பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"இந்த மீன்காரிங்க ரோட்டுல தண்ணிய ஊத்தி வச்சிருக்காளுங்க. அதான் வழுக்கிடுச்சு."

தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது வானம். ஆனால் மேலேயிருந்து வருகிற தவறையெல்லாம் கீழே இருப்பவர்கள் தலையில் கட்டுவது அவருக்கு அலுவலகத்தில் பழகிப்போன வேலை.

இரண்டாவது முறை அதே முனையில் விழுந்தபோது குற்றம் டயர் மேல் விழுந்தது. உண்மையில் அது தேய்ந்து மொட்டையாகத்தான் இருந்தது; அதில் பொய்யில்லை. ஆழமாகக் கோடு கோடாய் வெட்டிய புது டயர் வாங்கி மாட்டினார். அதைத் தடவித் தடவிப் பார்த்ததில் பாதி நேரம் என்னைப் பார்த்திருந்தால் நான் தேறியிருப்பேன். புது டயரோடு அதே முனையில் மறுபடியும் விழுந்தோம்.

இந்தத் தடவை குற்றவாளி நான்.

"வண்டி வலது பக்கம் சாயுறப்ப நீ பயந்துகிட்டு இடது பக்கம் சாயுற. அது எப்படி நிக்கும்?"

மறுநாளிலிருந்து எனக்குப் பயிற்சி. கூடத்தில் கிடந்த நீள பெஞ்சில் இவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொள்வார். நான் பின்னால் உட்கார வேண்டும். "வலது!" என்றால் இருவரும் வலப்பக்கம் சாய வேண்டும். "இடது!" என்றால் இடப்பக்கம். வாயாலேயே புர்ரென்று இன்ஜின் சத்தமும் கொடுப்பார். ஜன்னல் வழியே இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அன்னாமிய அம்மாள், எங்களுக்கு ஏதோ காய்ச்சல் வந்து பிதற்றுகிறோம் என்று பயந்து இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். தேவையாகத்தான் இருந்தது.

அடுத்த மழையில் சந்தை முனையில் இருவரும் வெகு அழகாகச் சேர்ந்து சாய்ந்தோம். வெகு அழகாகச் சேர்ந்து விழுந்தோம்.

அன்று எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பின்னால் உட்காருகிறவளுக்கு முன்னால் இருப்பவரின் உடம்பு பேசுவது கேட்கும். ஒவ்வொரு தடவையும் இவர் கடைக்கு முன்னால் வேகமாக வருவார். வண்டியைச் சாய்த்துப் பாதி திரும்பிய பிறகுதான் ஈரத் தண்டவாளம் கண்ணில் படும். உடனே முதுகு விறைக்கும், வலது கால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். மிதித்ததும் பின்சக்கரம் சுற்றுவதை விட்டுவிட்டுச் சறுக்கும். அவ்வளவுதான். ஈரமான சமையலறையில் தண்ணீர்க் குடத்தோடு போகிற யாரும், மெதுவாகத் திரும்பினால் விழ மாட்டார்கள். வேகமாகத் திரும்பி, திரும்புகிறபோதே சட்டென்று நிற்கப் பார்த்தால் குடமும் ஆளும் தரையில். நனைந்த தரைக்குப் பிடிப்பே கொஞ்சம்தான். அதைத் திரும்புவதற்கே செலவழித்துவிட்டு, நிறுத்துவதற்கும் அதையே கேட்டால் அது எங்கே போகும்?

இதை அவரிடம் சொன்னேன். "முனைக்கு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்குங்க. திரும்பும்போது பிரேக்கைத் தொடாதீங்க."

"உனக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா?"

"விழத் தெரியும். நீங்கதான கத்துக் குடுத்தீங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மழை பெய்தபோது நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு முன்னதாகவே நடந்து போய், சந்தை முனையில் மீன்காரப் பெண்களோடு நின்றேன். அவர்களும் வேலையை விட்டுவிட்டு ரோட்டையே பார்த்தார்கள். என் கணவர் வந்தார். முதுகு நிமிர்ந்தது. சத்தம் கூடியது. சாய்ந்தார். விறைத்தார். மிதித்தார். வண்டி ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமும் போக, இவர் தண்டவாளத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய்க் காப்பிக் கடை வாசலில் நின்றார். இந்த முறை யாரும் பிராவோ சொல்லவில்லை. அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

ஓடிப் போய்த் தூக்கினேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையை அதில் சுற்றினேன். "இப்ப நான் பின்னால இல்லையே, எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அதான் காரணம். நீ இல்லாததால பின்பாரம் குறைஞ்சிடுச்சு."

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் வீட்டில் இருந்த நாட்களில், மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்த புதுச்சேரிக்கார நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். ஈர ரோட்டில் வண்டி ஏன் வழுக்குகிறது என்று என் கணவர் அவருக்குப் பிரெஞ்சும் தமிழும் கலந்து நெடுநேரம் விளக்கினார். செம்மண்ணின் குணம், இந்த ஊர் மழையின் கனம், பின்பாரம், டயரில் காற்று. பிரேக் என்ற சொல் மட்டும் அந்தப் பிரசங்கத்தில் வரவேயில்லை. காப்பி கொடுக்கப் போன நான், "திரும்புறதுக்கு முன்னாடி மெதுவாக்கிடுங்க தம்பி, திரும்பும்போது மிதிக்காதீங்க" என்றேன். என் கணவர் காப்பியில் சர்க்கரை போதாது என்றார்.

அடுத்த வாரம் அந்த நண்பர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "கொட்டுற மழையில சந்தை முனையில திரும்பினேன் அண்ணே, ஒண்ணும் ஆகல. எல்லாம் நீங்க சொன்ன யோசனைதான்" என்று என் கணவரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் அடக்கமாகச் சிரித்து, "அனுபவம்தான் தம்பி" என்றார். பழத்தையும் அவரே தின்றார்.

கை சரியானதும் மறுபடி வண்டியை எடுத்தார். நல்ல மழை நாளில் அலுவலகத்திலிருந்து சேறு படாத வெள்ளைக் கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தார். காப்பிக் கடைக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மாடு திரும்புவதுபோலத் திரும்பினார் என்று சந்தைக்குப் போயிருந்தபோது மீன்காரப் பெண் கையைக் காலை ஆட்டி எனக்கு நடித்துக் காட்டினாள். இவரிடம் கேட்டேன், எப்படி விழாமல் வந்தீர்கள் என்று.

"சர்க்கார்ல ரோட்டை நல்லா பண்ணிட்டாங்க" என்றார். "இனிமே நீயும் ஏறிக்கலாம்."

"மழை விடட்டும்" என்றேன்.

ஐப்பசி கழியும்வரை சைகோனில் மழை விடாது என்பது அவருக்கும் தெரியும். உள்ளே போய்த் தொப்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.