ஆறு ஓட்டைத் தம்புரோ

துவக்குக் கடைக்கு வாங்க வருகிறவர்களைவிட எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள்தான் கூட. கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பலேர்மோவில் இருபத்தாறு வருசமாகத் துவக்கு துடைத்து விற்கிறேன். ரிவோல்வரைப் பழசு என்று எவனாவது தள்ளினால் இப்பவும் இரத்தம் கொதிக்கும்.

முதல் நாள்

"தம்புரோவைத் துடைச்சு வை" என்றார் முதலாளி. தம்புரோ என்றால் மேளம். இஞ்சத்தைய ஊர்வலங்களில் நான் பொறுக்கிய இத்தாலியன் பாஷை அவ்வளவுதான். கடை முழுக்கத் தேடினேன். பின்னறையில் அவருடைய பேரனின் விளையாட்டு மேளம் கிடந்தது. பளபளக்கத் துடைத்து மேசையில் வைத்தேன். அவர் ஒரு ரிவோல்வரைத் திறந்து, குண்டு போடுகிற ஆறு ஓட்டை உருளையைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் தம்புரோ. நீ துடைச்சதையும் வைச்சிரு, கள்ளனைக் கலைக்க அந்தச் சத்தமே காணும்."

மகன் தெரிவு செய்த துவக்கு

போன மாசியில் கால்சாப் பகுதியிலிருந்து ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா, வந்தா. எழுபத்திரண்டு வயசு, தனிச் சீவியம், விரல் மூட்டெல்லாம் வீக்கம். வீட்டுக்குள் ஒருதரம் கள்ளன் புகுந்துவிட்டான். "உங்களை நீங்களே காப்பாற்ற ஏலாட்டி வீட்டை வித்துப்போட்டு என்னோட மிலானுக்கு வாங்கோ" என்று மகன் சொல்லிப்போட்டான். அவவுக்கு அந்த வீட்டை விட்டுப்போக மனமில்லை.

மகனும் கூட வந்தான். அவன் போனில் பார்த்துத் தெரிவு செய்தது ஓட்டோமற்றிக் பிஸ்டல், பதினைந்து குண்டு. மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் குண்டு ஏறும். சிஞ்ஞோரா இழுத்தா. அசையவில்லை. "பழகினால் வரும் அம்மா" என்றான்.

"கள்ளன் வந்தால் உன்னை மிலானிலயிருந்து கூப்பிட்டு இழுக்கச் சொல்லவோ?" என்றா சிஞ்ஞோரா.

ஆறு குண்டு

எனக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியிலிருந்து பழைய உருக்கு ரிவோல்வரை எடுத்து அவவின் கையில் வைத்தேன். இழுக்க மூடி இல்லை. விசை இறுக்கம்தான், ஆனால் விரலை முழுக்கச் சுற்றி இழுக்கலாம். பிஸ்டல் மூடியை விரல் நுனியால் நுள்ளிப் பிடித்தல்லோ இழுக்கவேணும். குண்டில்லாத துவக்கின் விசையை இழுத்துப் பார்த்தா. உருளை சுழன்றது. முகம் மலர்ந்தது.

"ஆறு குண்டுதானே" என்றான் மகன்.

"வந்தது ஒருத்தன். மிச்சம் அஞ்சும் ஆருக்கு?" என்றா தாய்.

சுடுகளம்

சுடுகளத்தில் தேறினால்தான் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், துவக்குக்கு அனுமதிக் காகிதம். நானும் போனேன், மகனும் வந்தான். முதல் வெடி சரி. இரண்டாவது "டிக்" என்றது. பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு பொய்க்குண்டு போட்டிருந்தார். பிஸ்டல் என்றால் அந்த மூடியை மறுபடி இழுத்திருக்கவேணும், கதை முடிஞ்சது. இவ யோசிக்கவேயில்லை. விசையை இன்னொருக்கால் இழுத்தா. தம்புரோ சுழன்று அடுத்த குண்டு வெடித்தது. அட்டையின் நடுவில் ஓட்டை. நான் கைதட்டிப்போட்டேன், என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

பயிற்றுநர் கையெழுத்து வைத்தார். சிஞ்ஞோரா காதடைப்பானைக் கழற்றி மகனைப் பார்த்தா.

"மிலானுக்கு உனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடு, காணும்."

நோகிற கைக்கும் வேலை செய்கிறதுதான் நல்ல துவக்கு, இதை விளங்கப்படுத்த எனக்கு இவ்வளவு எழுதவேண்டியதாய்ப் போச்சு.