மூன்றாம் வரிசையில் ஓர் இருமல்

வெலிக்கா ஸ்டொய்மெனோவாவின் தொழில் ஆலோசனை சொல்வது. டான்யூப் கரையில், எங்கள் பல்கேரியச் சிற்றூர்களின் நாடகக் குழுக்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் அவர் தவறாமல் வழங்கிய அறிவுரை: "தொடங்கியவரைக் கண்ணியமாக வழியனுப்பக் கற்றுக்கொள்ளுங்கள்." இதற்கென்றே நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு போட்டிருந்தார். இரண்டு மன்றங்கள் அதைப் படித்துவிட்டு முதலில் வெலிக்காவை வழியனுப்பின.

அவருடைய சொந்த அமைப்பின் கதை வேறு. அதை அவரோடு சேர்ந்து தொடங்கிய எவ்ஸ்தாத்தி இறந்து ஓராண்டாகிறது. பழைய சினிமாக் கொட்டகையைப் பிள்ளைகளின் நாடக அரங்காக மாற்றிய மனிதர். ஒத்திகையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வசனம் பிசகினால் இருமுவார். இறந்த பிறகும் இருமினார். விளக்குப் போடுகிறவன் என்ற முறையில் நானே கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பிழையைத் திருத்திக்கொண்டு மேலே நடிப்பார்கள்.

வெலிக்கா அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. நிர்வாகக் குழு ஏட்டிலிருந்து எவ்ஸ்தாத்தியின் பெயரையும் அடிக்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கையெழுத்தைத் தாமே போட்டுவந்தார். செத்த பிறகு எவ்ஸ்தாத்தி ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. உயிரோடிருந்த காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

கொட்டகையின் குத்தகை முடியும் வாரம் வந்தது. நகராட்சி அதிகாரி நெதெல்யா ஏட்டைப் பார்த்து ஒப்புதல் தராவிட்டால் கதவுக்குப் பூட்டு. அந்த அம்மாள் வரும் நாளே எவ்ஸ்தாத்தியின் ஆண்டு நினைவு நாளுமாயிற்று. எங்கள் வழக்கப்படி, ஒருவர் இறந்து ஆண்டு நிறைந்தால் அவர் படத்தோடு அறிவிப்பு அச்சடித்துக் கதவில் ஒட்டியாக வேண்டும். காலையில் வெலிக்காவே பசை தடவி ஒட்டினார். அப்படி ஓர் அறிவிப்பை வாசிக்காமல் எங்கள் ஊரில் எவரும் கதவைத் தாண்டுவதில்லை. நெதெல்யாவும் வாசித்தார். உள்ளே வந்து, நினைவுநாளுக்கு வேகவைத்துச் சர்க்கரை போட்ட கோதுமையில் இரண்டு கரண்டி சாப்பிட்டார். பிறகு ஏட்டைப் புரட்டினார்.

"ஏன்க்கா, போன செவ்வாய்க்கெழமை கையெழுத்து போட்டிருக்காரே, இவருதானே வாசல்ல ஒட்டியிருக்கிறவரு?"

வெலிக்கா இன்னொரு கரண்டி கோதுமையை அவர் தட்டில் வைத்தார்.

"அங்க செத்து ஒரு வருஷம்னு போட்டிருக்கு. எந்தத் தாள நான் நம்பறது?"

"ரெண்டும் என் வேலைதான் நெதெல்யா."

"கோதுமைய வேற முழுங்கிட்டேன். இனிமே அவரு உயிரோட இருக்காருன்னு நானே நெனச்சாலும் சொல்ல முடியாது. நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள பேர அடிங்க. அந்தக் கூட்டத்த உயிரோட இருக்கிறவங்கள வெச்சு மறுபடி நடத்துங்க. இல்லேன்னா பூட்டோடதான் வருவேன்."

ஊரெல்லாம் கையேடு கொடுத்தவருக்கு ஒரு கோடு இழுக்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. மூன்றாம் வரிசையில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீயே சொல்லு எவ்ஸ்தாத்தி. ஒரே ஒரு தடவ இருமு, இத மூடி வெச்சுடறேன்." இருமல் வரவில்லை. கோட்டை இழுத்தார். அவர் இடத்தில் என் பெயரை எழுதினார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றதே என் தகுதி.

கூட்டத்தை மறுபடி நடத்தினோம். நாலு மணிக்கு நெதெல்யாவின் முத்திரை விழுந்தது.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். போன வாரம் ஒத்திகையில் ஒரு பெண் பாதி வசனத்தை விழுங்கினாள். இருமல் கேட்டது.

மேடையோரத்தில் நின்ற வெலிக்கா மெல்லத் திரும்பினார். "நீதானப்பா இருமினது?"

"இல்லக்கா" என்றேன்.

குழு உறுப்பினர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்: என் தொண்டை நன்றாகவே இருக்கிறது.