தண்ணீருக்கு அடியில் ஒரு காணி

எங்கள் அப்பாவுக்கும் காணி இருந்தது. சிரிக்காதீர்கள், அது நீர்த்தேக்கத்துக்குள் இருந்தது. குண்டசாலைக்கு அப்பால், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே, வறட்சியில் தண்ணீர் இறங்க இறங்கச் சேற்றுநிலம் வெளியே வரும். அதில் அப்பா போஞ்சிக்காய்க் கொடி போட்டார். லயத்தில் பிறந்தவருக்கு வேறு எந்த மண் இருக்கிறது? அதுவும் அவருடையதில்லைதான்.

அக்கா அந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பிள்ளை கேட்டு ஓர் ஆள் வந்தார். "போஞ்சி மட்டும் கைக்கு வரட்டும், எம்புள்ள எங்கயும் போகாது" என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா விடிந்ததும் கொடிகளுக்குக் கம்பு நட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். பூவும் பிடித்துவிட்டது.

மேலே தோட்டத்திலோ மழையில்லாமல் கொழுந்து கருகியது. எல்லோருக்கும் அரைநாள் வேலைதான். கடைசியில் லயத்து ஆட்கள் கூடி, மழைக்காகக் கொடும்பாவி கட்டினார்கள். புல்லால் கட்டிய பொம்மையைப் பிணம்போல இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். அதற்கு மகனாக நின்று கொள்ளி வைப்பது எப்போதும் அப்பாதான்.

"இந்த ஒரு வாட்டி வேற யாரயாவது வைக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

"எல்லா வீட்டு அடுப்பும் எரியணும்ல? எம்போஞ்சிக்காக மாட்டேன்னா சொல்ல முடியும்?"

அப்பா கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். அம்மா புரண்டு புரண்டு அழுதாள். எனக்கோ ஒரே குஷி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. லயமே கூத்தாடியது. "ஒங்க கைராசிண்ணே!" என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் கீழே நீர்த்தேக்கத்தைப் பார்த்தார். சில நாளில் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பாவும் அக்காவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிஞ்சுகளைப் பறித்தார்கள். ஐயோ, அந்தப் பிஞ்சை எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

கொழும்பு ஆள் மறுபடி வந்தார். அக்கா போனாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீர் வற்றினால் போஞ்சி வரும், போஞ்சி வந்தால் அக்கா வருவாள். மாரியம்மன் கோயிலில் எல்லோரும் மழை கேட்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மழையே வேண்டாம் என்று கேட்டேன். அம்மன் எனக்குத்தான் கொடுத்தாள். அடுத்த வருஷமும் தண்ணீர் இறங்கியது. பாவாடை தடுக்க மேடேறி ஓடினேன்.

"காணி வந்திருச்சுப்பா! அக்காவ வரச் சொல்லுங்க!"

அப்பா என்னை ஓங்கி அறைந்தார். அறைந்தவரே ஏன் அப்படிக் குந்தி உட்கார்ந்து அழுதார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.