இலைச்சாறு ஊற்றிய குழி

எம்.எஸ்சி கடைசி வருடம் என் ஆய்வுக்குக் குப்பைமேனி இலை பறித்துத் தந்தது என் அப்பா, நைனாதான். காவாந்தண்டலத்தில் நடவு, அறுப்பு என்று கூலிக்கு ஓடுகிற மனுஷன். மருந்தடித்த கழனிப் பக்கம் போகாமல் ஏரிக்கரையில் தேடி, பழுத்ததைக் கழித்து, ஈரத்துணியில் சுற்றித் தருவார். நான் அதைக் காய்ச்சி வடித்து, துத்தநாக உப்பைக் கலந்து, ஃபர்னஸ் உலையில் சுடுவேன். வெள்ளைப் பொடி வரும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள். அவை கிருமியைக் கொல்லுமா என்பதுதான் ஆய்வு.

கொன்றது. கிருமி வளர்க்கும் கூழ்த்தட்டில் கிருமியைப் பரப்பி, அதில் வெட்டிய ஒரு குழியில் பொடிக் கரைசலும் இன்னொன்றில் வெறும் இலைச்சாறும் விட்டிருந்தேன். மறுநாள் பொடிக் குழியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். இலைச்சாற்றுக் குழியைச் சுற்றியோ அதன் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், போனில் அந்த வட்டத்தை மட்டும் பெரிதாக்கி நைனாவுக்குக் காட்டினேன். மற்றதெல்லாம் அவருக்கு எதற்கு என்கிற திமிர், வேறென்ன?

"இதுக்குள்ள கிருமி ஒண்ணுகூட இல்லியாம்மா?"

"ஒண்ணுகூட இல்ல நைனா. எல்லாம் நீ பறிச்ச இலைதான்."

அப்படிச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

அறுப்பில் அரிவாள் பட்டு அவர் பாதம் கிழிந்தது. சர்க்கரை உடம்பு. எனக்குப் பரீட்சை என்று, ஹாஸ்டலுக்குச் சொல்லவிடாமல் அம்மாவைத் தடுத்துவிட்டார். அதே இலையை அரைத்துக் கட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட அம்மாவிடம், நம்ம பொண்ணே காலேஜில் சோதித்துப் பார்த்துவிட்டாள், அதற்கு மேல் என்ன என்றாராம். பரீட்சை முடிந்து வந்து நான்தான் கட்டைப் பிரித்தேன். விரல்கள் கறுத்திருந்தன.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் என்னைத்தான் தேடினார். நான் கட்டிலருகே அழுதுகொண்டு நின்றேன். இவ்வளவு நாள் காலில் என்ன போட்டாய் என்று டாக்டர் கேட்டபோது, என் பெண் கண்டுபிடித்த மருந்து என்று பெருமையாகச் சொன்னவர், இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அழாதம்மா. உன் படிப்பு மேல தப்பு இல்ல. நாந்தான் சரியா அரைக்கல போல கீது."

அந்த இன்னொரு குழியைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.